வக்கீல் பையில் பொன்னெழுத்து

வே, கூட்டாளிக எல்லாரையும் கூப்பிட்டு, கடைப் பையன் கையில கொடுத்துவிட்டிருக்க இந்தக் கார்டை வாசியும்!

மெட்ராஸ்ல இருந்து நம்ம பைண்டிங் கடைக்கு வந்திருக்க மிஷின், இன்னைக்குத்தான் தோல்ல ஒழுங்காப் பொன்னெழுத்து அடிச்சுது.

மீன் வாடைக்கே மூக்கைப் பொத்துத வக்கீல் அண்ணாச்சி, புதுத் தோல்பையில பேர் அடிக்கச் சொன்னார். சூடு கூடினா பை கருகிரும். பித்தளை எழுத்துல தண்ணி தெளிச்சுச் சூடு பார்த்து, தங்கத்தாளை வச்சு ஒரே அழுத்து!

பேர் தகதகன்னு மின்னுது.

"தங்கம் எப்படிவே ஒட்டுது? மீன் பசையா?"

"மீனே கிடையாது அண்ணாச்சி."

பையைக் கண்ணுல ஒத்திக்கிட்டார். "நாளைக்குப் பூசைப் புஸ்தகத்தையும் கொண்டாரேன்"ன்னுட்டுப் போனார்.

ஒட்டுனது, முன்னாலயே தோல்ல தடவி வச்சிருந்த முட்டை வெள்ளைக்கரு.

சொல்லிரவா, வேண்டாமா? விடியுமுன்ன பதில் வேணும்வே!