எந்தப் பக்கம் என்று கேட்ட அண்ணன்

ஜூன் பதினொன்று, புதன்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன், தோப்பில் மோட்டார் போட்டேன், காப்பி குடித்துவிட்டுக் கணினியைத் திறந்தேன். தென்னை விவசாயிகளுக்காகப் பெரியப்பா மகன் அண்ணனும் நானும் தொடங்கிய கேள்வி-பதில் தளத்தில் அன்றும் புதுக் கேள்வி இல்லை. எல்லோரும் செல்போனில் ஏஐயிடம் கேட்டுக்கொள்கிறார்கள். அண்ணன் இறந்தபின் தளம் என் பொறுப்பு. மூடுவதற்கான அறிவிப்பை எழுதி வைத்திருந்தேன். போடுவதா வேண்டாமா என்ற யோசனையில் எந்த வேலையிலும் மனம் நிற்கவில்லை.

அண்ணன் எடுத்தவுடன் பதில் எழுதமாட்டார். "எந்த ஊருங்க? செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?" என்றுதான் தொடங்குவார். மானியம், கரண்ட், சட்டம் எல்லாமே தமிழ்நாடு-கேரள எல்லையான கோவிந்தாபுரத்தைத் தாண்டினால் வேறு. "பதில் தெரியலீன்னா அண்ணன் ஊர் கேப்பாரு" என்று உறுப்பினர்கள் கிண்டலடிப்பார்கள். "தெரிஞ்சாலும் கேப்பனுங்க" என்று எழுதுவார்.

பத்து மணிக்கு எதிர்வீட்டு அக்கா வந்தார். தனியாகத் தோப்பைப் பார்த்துக்கொள்பவர். கள் இறக்கும் செத்துக்காரரை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். "கள்ளு எறக்கறது குத்தமாமா தம்பி. செல்லுல கேட்டேன், நல்ல தமிழ்ல சொல்லுச்சு."

தமிழில் கேட்டதால் அது தமிழ்நாட்டுச் சட்டத்தைச் சொல்லியிருந்தது. எங்கள் ஊரையும் சேர்த்து, பெருமாட்டி, கேரளம் என்று நான் கேட்டேன். உரிமம் உள்ளவருக்குக் கள் இறக்க மரத்தை விடலாம் என்று உடனே சரியாகச் சொன்னது. அக்கா செத்துக்காரரைக் கூப்பிட்டார். "ஏனுங்கக்கா, போலீஸு போயிருச்சுங்களா?" என்று அவர் சிரித்தது எனக்கே கேட்டது. நாளைக்கு வருவதாகச் சொன்னார்.

"நம்ம தளத்துல கேட்டிருக்கலாமேக்கா?" என்றேன்.

"அங்க ஊரச் சொல்லச் சொல்லுவீங்க. கள்ளப் பத்தி ஒரு பொம்பள கேட்டு, ஊரையுஞ் சொன்னா, ஆருன்னு தெரியாதா? செல்லுக்கு நான் ஆரோ எவரோ."

அண்ணனின் அந்தக் கேள்வி ஒருவரை வாசலிலேயே திருப்பி அனுப்பும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றியதே இல்லை. ஆனால் தளத்தில் தவறான பதில் வந்தால் பத்துப் பேர் பார்ப்பார்கள், யாராவது திருத்துவார்கள். அக்காவின் செல்லில் வந்த தவறு அக்காவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். நாளை இதே கேள்வியை வேறொருவர் தன் வீட்டில் உட்கார்ந்து கேட்டால்? இருட்டும்வரை நடந்துகொண்டே இருந்தேன். அறிவிப்பைப் போடவும் இல்லை, அழிக்கவும் இல்லை.

மறுநாள் எழுந்ததும் முதல் வேலையாக, அக்காவின் கேள்வியை என் பெயரில் தளத்தில் போட்டேன்: "கேரளப் பக்கம், பெருமாட்டி. என் தோப்பில் கள் இறக்க விடலாமா?" பல் துலக்கிவிட்டு வருவதற்குள் ஓர் உறுப்பினர் பதிலுக்கு முன் ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "விக்கறதுக்குங்களாண்ணா, உங்களுக்குங்களா?"