ராஜாத்தியின் ஹோய்

தோணிரேவு ராஜாத்தியை வாட்ஸப் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகும் ராஜாத்திக்குத் தெரியாது. போன்தான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அழுத்திப் பிடித்துப் பேசுகிற மைக் படம் இருந்த இடத்தில் ஏதோ எழுத்துகள் வரிசையாக நின்றன. எழுத்துக்கும் அவளுக்கும் ஜென்மத்தில் ஒட்டுறவு கிடையாது. போனை முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். வெயிலில் வைத்துப் பார்த்தாள். சாமி படத்துக்கு முன்னால்கூட ஒரு நாள் வைத்துப் பார்த்தாள். மைக் திரும்பி வரவில்லை.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. அந்த மைக்கோடு அவளுக்குப் போனது என்ன என்று தெரிந்தால் நீங்களும் சிரிக்க மாட்டீர்கள்.

அவள் பிழைப்பு இறால் தடவுவது. வலை கிடையாது, படகு கிடையாது. பழவேற்காடு ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி முட்டிபோட்டு, கழுத்துக்கு மேல் மட்டும் வெளியே தெரிய நகர்ந்துகொண்டே, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவிப் பிடிக்க வேண்டும். இரண்டு கையும் சேற்றுக்குள் இருந்தால் பிடித்த இறாலை எதில் போடுவது? பறியில். பறி என்றால் பனையோலையில் முடைந்த கூடை. அந்தப் பறியை யார் பிடித்துக்கொள்வது? பல்தான். விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை பறியின் விளிம்பைக் கடித்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். ஆகவே இந்தத் தொழிலுக்கு வந்தவளுக்கு அரை நாள் வாய் கிடையாது.

ஒரே ஒரு வார்த்தைக்கு மட்டும் பறியை வாயிலிருந்து எடுக்கலாம். மார்கழிப் பனியில் பக்கத்து ஆள் தெரியாது. அப்போது யாராவது ஒருத்தி தலையைத் தூக்கி "ஹோ...ய்" என்று கூவுவாள். காதில் விழுந்தவர்கள் எல்லாரும் பறியை எடுத்துவிட்டுத் திரும்ப "ஹோய்" என்று சொல்லியாக வேண்டும். கைக்குள் இறால் துள்ளிக்கொண்டிருந்தாலும் சரி, பதில் சொன்ன பிறகுதான் மற்றதெல்லாம். பதில் வராவிட்டால் போட்டது போட்டபடி தேடிப் போக வேண்டும். ஒரு தடவை கூட இறால் தடவிக்கொண்டிருந்த ஜமுனாவின் பதில் வரவில்லை. போய்ப் பார்த்தால் கெளுத்தி முள் குத்தி, தண்ணீரில் தலை தொங்கக் கிடந்தாள். ராஜாத்திதான் தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தாள். பிழைத்து எழுந்த ஜமுனா, "இன்னாடி, என் மயிர எல்லாம் புடுங்கிட்டியே" என்று திட்டினாள். அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு ராஜாத்திக்கு இன்னும் மறக்கவில்லை.

அந்த ஜமுனா இப்போது மகளோடு கும்மிடிப்பூண்டிக்குப் போய்விட்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கம்பெனி வேன் ஏறிவிட்டார்கள். புருஷன் கங்காதரன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். ஒரே மகன் பிரகாஷ் ஒரகடத்தில் ஷிப்ட் வேலையில் இருக்கிறான். ராஜாத்தி மட்டும் பறியைக் கடித்துக்கொண்டு தனியாக ஏரியில் கிடந்தாள். பழக்கதோஷத்தில் இப்போதும் கூவுவாள். கொக்கு பறக்கும். அவ்வளவுதான்.

போன பொங்கலுக்கு வந்த பிரகாஷ்தான் அம்மாவுக்குப் பழைய டச் போன் ஒன்றைக் கொடுத்து, "ஏரிக்கரைத் தகவல்" என்ற குழுவில் சேர்த்துவிட்டான். ஏரியைச் சுற்றியுள்ள எல்லாக் குப்பத்து ஆட்களும் அதில் உண்டு. நண்டு விலை, ஐஸ் எங்கே கிடைக்கும், முகத்துவாரத்தில் மணல் மூடியிருக்கிறதா இல்லையா, எல்லாம் வரும். "இந்த மைக்க அமுக்கிப் புட்சிகினு பேசும்மா, எல்லாருக்கும் கேக்கும்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினான்.

அன்றைக்குச் சாயங்காலம் அடுப்பங்கரையில் உட்கார்ந்து மைக்கை அழுத்தினாள். "ஹோய்... நான் தோணிரேவு ராஜாத்தி. யாராச்சும் கீறீங்களா?"

யாரோ ஒரு புண்ணியவான் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டான். அதற்கு எழுத்து தெரிய வேண்டியதில்லையே. ராஜாத்திக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவள் கூவியதற்கு ஒரு ஆள் பதில் சொல்லியிருக்கிறான். அவன் யாரோ எவனோ, அது எதற்கு?

இங்கேதான் வந்தது வினை. நம் குரலுக்குப் பதில் சொன்னார்கள் என்றால் அவர்கள் குரலுக்கும் நாம் பதில் சொல்ல வேண்டுமே! போன் டிங் என்றால் போதும், ராஜாத்தி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து "ஹோய்" என்று மைக்கில் சொல்வாள். நண்டு விலை வந்தால் ஹோய். பிறந்தநாள் வாழ்த்து வந்தால் ஹோய். சினிமாத் துண்டு வந்தால் அதற்கும் ஒரு ஹோய். எரிச்சல் தாங்காமல் ஒருவன், "அந்த ஹோயம்மாவை யாராவது நிறுத்துங்கப்பா" என்று எழுதினான். படிக்கத் தெரியாத மகராசி அதற்கும் மலர்ந்த முகத்தோடு ஹோய் சொன்னாள். எழுதினவனுக்கு ரத்தக் கொதிப்பே வந்திருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மைக் காணாமல் போனது. ஒரு வழியாகப் பழவேற்காட்டு ரீசார்ஜ் கடைக்குப் போனைத் தூக்கிக்கொண்டு போனாள். கடைக்காரன் பார்த்துவிட்டு, "போன் நல்லாத்தான் கீது ஆயா. உன்னத்தான் குரூப்புலேர்ந்து தூக்கிட்டாங்க" என்றான்.

"யாரு தூக்குனா? நான் இன்னா பண்ணேன்?"

"அது எனக்கு எப்புடித் தெரியும்? அட்மின் லைட்ஹவுஸ் குப்பத்து மோகன்குமாரு. அவராண்ட போய்க் கேளு."

அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தள்ளி வைப்பது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். ஊரில் ஒரு குடும்பத்தைத் தள்ளி வைத்தால் நெருப்பு கொடுக்க மாட்டார்கள், சாவுக்கு வர மாட்டார்கள். ஆனால் அதற்கும் கூப்பிட்டு நிறுத்தி, இன்ன தப்பு என்று சொல்லுவார்கள். சொல்லாமல் கொள்ளாமல் தள்ளி வைத்து அவள் கேள்விப்பட்டதில்லை. போனில் பிரகாஷிடம் சொல்லி அழுதாள். "வுடும்மா, குரூப்புதானே" என்றான் அவன். அவனைச் சுற்றி எப்போதும் நூறு பேர். அவனுக்கு எங்கே புரியப்போகிறது.

மறுநாள் இருந்ததில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, பாலத்தைத் தாண்டி லைட்ஹவுஸ் குப்பத்துக்கு நடந்தாள். மோகன்குமார் படகு இன்ஜின் மெக்கானிக். கடற்கரைக் கொட்டகையில் கையெல்லாம் கிரீஸாக ஒரு இன்ஜினுக்குள் தலையை விட்டிருந்தான்.

"இன்னா தப்பு பண்ணேன்னு என்னத் தள்ளி வெச்ச தம்பி?"

தலையைத் தூக்கிப் பார்த்தான். "யாருக்கா நீ?"

"தோணிரேவு ராஜாத்தி."

அவனுக்குப் பிடிபடவில்லை. என்ன சொன்னால் புரியும் என்று அவள் யோசித்தாள். பிறகு, "ஹோய்" என்றாள்.

ஸ்பேனர் கைநழுவி விழுந்தது. "அடங்கொப்புரானே! அது நீதானா? எவ்ளோ பேஜாரு பண்ட்டக்கா! ஒரு நாளைக்கு எத்தினி ஹோய்! அவனவன் எனக்குப் போன் பண்ணித் திட்றான்."

"கூப்ட்டா பதில் சொல்லக் கூடாதா?"

"உன்ன யாருக்கா கூப்ட்டா?"

அவன் வெடுக்கென்றுதான் கேட்டான், கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் ராஜாத்திக்கு நெஞ்சில் ஏறி மிதித்தது போல இருந்தது. ஏரிக்காரிக்கு அழுகை வந்தால் கோபமும் கூடவே வரும்.

"சரி தம்பி. கூப்புடல. பதில் சொல்லக் கூடாதுன்னு எங்க சொல்லி வெச்சிருக்க? உன் குரூப்புக்கு இன்னா கட்டுப்பாடுன்னு எங்கியாச்சும் போட்டுக்கீறியா?"

"அதெல்லாம்... எல்லாருக்கும் தெரியும்க்கா."

"எனக்குத் தெரியாதே!"

மோகன்குமார் தலையைச் சொறிந்தான். "ரூல்ஸ் போட்டா, இவன் யாருடா நமக்குச் சட்டம் போடன்னு பேசுவாங்கக்கா. அதான் போடல."

"போடாம தூக்கிக் கடாசினா மட்டும் மாலை போடுவாங்களா?"

 கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். "சும்மா ஒன்னும் தூக்கல. இத்தப் பாரு. அன்னிக்குக் காத்து எழும்புச்சே, முத்துராஜு படகு இன்ஜின் நின்னு கடல்ல அடிச்சுகினு போச்சு. 'யாராச்சும் கட்டி இழுக்க வாங்க'ன்னு குரூப்புல எழுதிப் போட்டான். வரிசையா உன் ஹோய் வந்து குந்திகினு அது எங்கியோ மேல போய்ட்ச்சு. ரொம்ப நேரம் கழிச்சுதான் ஒருத்தன் பார்த்தான். நல்லவேள, உயிருக்கு ஒன்னும் ஆவல. அத்தோடதான் உன்னத் தூக்குனேன்."

சொல்லிக்கொண்டே முத்துராஜின் செய்திக்கு அடியில் இருந்ததை அழுத்தினான். முதல் பதில் அவளுடையதுதான். "ஹோய்!" என்று அவள் குரலே அவளுக்குக் கேட்டது. என்ன சந்தோஷம் அந்தக் குரலில்! பின்னால் குழம்பு கொதிக்கிற சத்தம்கூடக் கேட்டது.

ராஜாத்தி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாக்கா? தண்ணி வேணுமா?"

"ஏரியில ஹோய்னு பதில் சொன்னா, நான் கீறேன், உனக்கு ஒன்னுன்னா வருவேன்னு அர்த்தம் தம்பி. அந்தப் புள்ள கடல்ல தத்தளிச்சுகினு கூப்ட்டிருக்கு. நான் கீறேன்னு சொல்லிட்டு, குழம்பக் கிண்டிகினு இருந்திருக்கேன்."

சண்டை போட வந்தவள் விசும்பி விசும்பி அழுதாள். தள்ளி வைத்ததுகூட அவளுக்கு அவ்வளவு வலிக்கவில்லை.  மோகன்குமாரும் எதிரே மணலில் உட்கார்ந்தான். "நீ படிக்கலன்னு எனக்கும் தெரியாதுக்கா" என்றான்.

அன்றைக்கே குழுவுக்கு விதிகள் போடுவதாக ஒப்புக்கொண்டான். "எழுதிப் போட்டா எனக்கு ஆவாது, வாயால சொல்லு" என்றாள் ராஜாத்தி. அதற்கும் சரி என்றான். எழுந்து புடவையில் மணலைத் தட்டிவிட்டு, தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டாள்.

"சும்மா கூவுனாலும் யாராச்சும் ஒருத்தர் பதில் சொல்லணும்னு ஒன்னு சேத்துக்கோயேன்."

அவன் சிரித்துவிட்டான். "அத்த எப்புடிக்கா ரூல் ஆக்குறது?"

"நாங்க ஆக்கி வெச்சிருந்தோமே" என்றாள்.

சாயங்காலம் மைக் திரும்பி வந்தது. கூடவே மோகன்குமாரின் குரலும் வந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். நம்ம குரூப்புக்கு இன்னி முதல் கட்டுப்பாடு. வெல, காத்து, தண்ணி, காணாப் போன வல, சாவுச் சேதி, இத மட்டும் போடுங்க. குட்மார்னிங், சாப்டியா, தூங்குனியா, சினிமா, அதெல்லாம் இங்க வாணாம். ஆபத்துன்னா எழுதாதீங்க, வாயால சொல்லுங்க, படிக்கத் தெரியாதவங்களும் கீறாங்க. போவ முடிஞ்சவன் மட்டும் பதில் சொல்லு. பதில் சொன்னா போய்த்தான் ஆவணும். மீறினா மொதல்ல சொல்லுவோம், அப்பால இன்னா தப்புன்னு சொல்லிட்டுத்தான் தூக்குவோம்."

குழுவே பாராட்டியது. முத்துராஜ் கட்டைவிரலாகப் போட்டுத் தள்ளினான். யாரும் "நீ யாருடா சட்டம் போட" என்று கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? நியாயமான விதிகள்தான், ஒன்றில்கூட நீங்களும் நானும் குறை சொல்ல முடியாது. சும்மா கூவுகிறவளைப் பற்றி மட்டும் அதில் ஒரு வார்த்தை இல்லை.

ராஜாத்தி விதியை மீறுகிறவள் இல்லை. டிங் என்றால் இப்போதும் கை துடிக்கும். மைக்கைப் பார்த்துவிட்டுப் புடவைக்குள் கையைச் சுருட்டிக்கொள்வாள். சொல்வதற்கு அவளிடம் விலையும் இல்லை, காற்றும் இல்லை. அவள் பிடிக்கிற நான்கு இறாலுக்கு விலை சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரகாஷ் கூப்பிட்டு, "இன்னாம்மா, குரூப்பு இப்ப நல்லா கீதா?" என்று கேட்டான்.

"நல்லா கீதுடா. சத்தமே இல்ல" என்றாள்.

ஆனால் ஒன்று உண்டு. மோகன்குமார் விதிகளைச் சொல்லி முடித்தவன் உடனே விரலை எடுக்கவில்லை. அதனால் கடைசியில், அவன் வீட்டுக்குள்ளிருந்து அவன் பெண்சாதி அமுதவல்லியின் குரலும் பதிவாகிவிட்டது. "யோவ், சோறு ஆறுது, வர்றியா இல்லியா?" அதற்கு அவன், "தோ வரேன்மா" என்கிறான். அத்தோடு முடிந்துவிடுகிறது.

பொழுது சாயும் நேரத்தில் ராஜாத்தி தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு, போனை எதிரே செம்பில் சாய்த்து வைத்து, அந்தக் குரலை ஓடவிடுவாள். வெல, காத்து, தண்ணி என்று எல்லாக் கட்டுப்பாட்டையும் மனப்பாடமாகக் கூடவே முணுமுணுப்பாள். "சோறு ஆறுது, வர்றியா இல்லியா" என்ற இடம் வரும். மோகன்குமார் வாயைத் திறப்பதற்குள் இவள் முந்திக்கொண்டு, மைக் பக்கம் விரலைக் கொண்டுபோகாமல், மெதுவாக "ஹோய்" என்பாள். பிறகு சாப்பிடுவாள்.