உம்மம்மா பால் என்ற பலகை

அன்று சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மாட்டைக் கறந்து, மீராசாவுக்குரிய எட்டுப் போத்தல் பாலை அளந்து புறம்பாக வைத்தேன். ஆறரைக்கு அவருடைய மோட்டார் சைக்கிள் என் வேலிப் படலையடியில் நிற்கும். அன்று நிற்கவில்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியின் மரண அறிவிப்பில்தான் அவருடைய பெயர் வந்தது. அவருடைய வாப்பாவின் பெயரையும் சேர்த்துச் சொன்னபடியால், வேறு மீராசாவாக இருக்கும் என்று நினைக்கவும் வழியில்லை. நெஞ்சுவலியாம். என்னைவிடப் பத்து வயது இளையவர்.

விளையாட்டுக் கழகத்துப் பிள்ளைகள் நினைவு மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவளிடம் கேட்கிறீர்களே என்றேன். எங்களுக்கு அண்ணன் போல இருந்த மீராசா காக்காவுக்குப் பால் கொடுத்த ஆள் நீங்கள்தானே என்றார்கள். பால் கொடுத்தேன்தான். பெரிய பழி ஒன்றும் கொடுத்தேன். அதை எழுதத்தான் இந்தப் பேனையைப் பிடித்திருக்கிறேன்.

கடற்கரை மைதானத்து ஓரத்தில் இருக்கும் அவருடைய பால்கடை உங்கள் எல்லாருக்கும் தெரியும். காய்ச்சி ஆறவைத்த பசுப்பால், ஊறவைத்து மசித்த பேரீச்சம்பழம், ஒரு சிட்டிகை உப்பு. ஓடிக் களைத்து வரும் பிள்ளைகளுக்கு அவர் கலக்கிக் கொடுத்தது இவ்வளவுதான். வேர்வையோடு போன உப்பு திரும்ப உள்ளே போக வேண்டும் என்பார். ஆனால் பிள்ளைகளுக்குக் கொடுக்க முன்னம் தன்னிலேயே சோதித்துப் பார்த்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்த வயிற்றோடு மைதானத்தை நாலு சுற்று ஓடுவார். ஒரு நாள் வெறும் தண்ணீர், ஒரு நாள் சோடா, ஒரு நாள் பால். அடுத்த நாள் கால் எப்படி இருக்கிறதென்று என் படலையடியில் வந்து சொல்வார். கரைவலைக்காரர்கள், “பால்காரக் காக்காவ மாடு தொரத்துதோ?” என்று கேட்பார்கள். “மாடில்ல, வயசு தொரத்துது” என்பார்.

என் பேத்தி ஹஸ்னா அந்தப் பாலைக் குடித்துத்தான் ஓட்டம் பழகினாள். வலயப் போட்டி வந்தது, மூவாயிரம் மீற்றர். நோன்பு காலத்தில் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்குப் பிள்ளைகளை எழுப்பி, பகல் முழுக்கத் தாங்க வேண்டுமே என்று வயிறு நிறையக் கொடுத்துப் பழகிய கை என்னுடையது. ஓட்டத்துக்கும் அப்படித்தான் என்று நினைத்தேன். கெட்டி எருமைப்பாலில் பத்துப் பேரீச்சம்பழத்தைப் போட்டுக் காய்ச்சிக் கொண்டுபோனேன். ஓட்டம் தொடங்கக் கால்மணி நேரம் இருக்க, கூடாரத்துக்குப் பின்னால் வைத்துக் கொடுத்தேன். அவள் முகத்தைச் சுளித்தாள். “மீராசா தந்தது புள்ள, குடி” என்றேன். நான் சொன்ன பொய் அது.

முதலாவதாக வந்துகொண்டிருந்தவள் மூன்றாவது சுற்றில் குடித்ததையெல்லாம் சத்தி எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். என்ன குடித்தாய் என்று விளையாட்டு ஆசிரியர் கேட்டார். மீராசா காக்காவின் பால் என்றாள். பின்னேரத்துக்குள் அது பழுதான பால் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. இனி அந்தப் பாலை மைதானத்துக்குள் காணக்கூடாது என்றார் ஆசிரியர். நான் வெறும் போத்தலைச் சீலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டேன்.

சத்தி எடுத்த இடத்தில் மண் போட்டவர் மீராசாதான். மறுநாள் ஆறரைக்கு வந்தார்.

“ராத்தா, எருமப்பாலா?”

“ஓம்.”

“நீங்க சஹர் குடுத்திட்டீங்க. ஓட்டமெண்டா நோன்பு ராத்தா. பால் நோன்பு தொறக்கிறதுக்கு.”

இப்போதே ஆசிரியரிடம் போய்ச் சொல்கிறேன் என்று சீலைத் தலைப்பை இழுத்துப் போட்டேன். அவர் விடவில்லை. “வேணா. உம்மம்மா குடுத்துத்தான் தோத்தன் எண்டு புள்ளைட மனசில விழுந்தா, மறுகா உங்கட கையால ஒண்டும் குடிக்க மாட்டா. என்ன ஏசினா ஏசட்டும்.”

அடுத்த வருடம் முழுக்க அவர் வீட்டில் கலக்கி என் படலையில் தருவார். நான் அதை என்னுடைய பால் என்று மைதானத்துக்குக் கொண்டுபோவேன். மாவட்டப் போட்டியில் காலையில் மூவாயிரம், பின்னேரம் ஆயிரத்தைந்நூறு. காலையில் இரண்டாவதாக வந்தாள். வந்து அப்படியே புல்லில் சாய்ந்துவிட்டாள். பின்னேரம் இவள் எழும்ப மாட்டாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் கதைத்தார்கள். வேலிக்கு வெளியே நின்று மீராசா மூன்று விரலைக் காட்டினார். நோன்பு திறப்பது போல முதலில் மூன்று மிடறு. கொஞ்சம் பொறுத்து, மிச்சத்தை மெல்ல மெல்ல. பின்னேரம் கடைசி வளைவில் சம்மாந்துறைப் பிள்ளையை முந்திக்கொண்டு என் பேத்தி முதலாவதாக வந்தாள். அவ்வளவு பேர் இருந்த இடத்தில் என் கண் வேலிப் பக்கம்தான் போனது. அந்த மனிதர் சாரம் அவிழ்வது தெரியாமல் துள்ளிக்கொண்டிருந்தார்.

எல்லாரும் உம்மம்மாவின் பால் என்று என்னைப் புகழ்ந்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் தருவீர்களா என்று ஆசிரியரே கேட்டார். மீராசா கலக்கினால்தான் சரிவரும் என்று மட்டும் சொன்னேன். அப்படித்தான் அவர் மைதானத்துக்குத் திரும்பினார். வந்ததும் கடையில் “உம்மம்மா பால்” என்று பலகை மாட்டினார். எனக்குத் தீயில் நின்றது போல இருந்தது. கழற்றச் சொன்னேன். சிரித்தார். “பேர் ஆர்டயும் இரிக்கட்டும் ராத்தா. ஓடுற கால் புள்ளையள்டதானே.” அந்தப் பலகைக்குக் கீழே குடித்த எத்தனை பிள்ளைகள் மாகாணம் வரை போய் வென்று வந்தார்கள்.

அவரை அடக்கும் ஜனாஸாவுக்கு ஹஸ்னா வந்திருந்தாள். இப்போது அவளும் விளையாட்டு ஆசிரியை. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டே சிரித்தாள்.

“எருமப்பால்ட வாசம் எனக்குத் தெரியாதா உம்மம்மா? அண்டைக்கே தெரியும்.”

“பொறகு ஏன் அவர்ட பேரச் சொன்னாய்?”

“நீங்கதானே அவர் தந்ததெண்டு சொன்னீங்க. அத்தன பேருக்கு முன்னால உங்களப் பொய்யாக்கச் சொல்றீங்களா?”

பிறகு மனம் கேளாமல் மீராசாவிடம் போய்ச் சொன்னாளாம். உனக்குத் தெரியும் என்பது உம்மம்மாவுக்குத் தெரியவே கூடாது, தெரிந்தால் வெட்கத்தில் எனக்குப் பால் தரமாட்டா என்றாராம் அவர். எங்கள் இரண்டு பேரையும் ஒருவருக்கொருவர் தெரியாமல் காத்துக்கொண்டு, தன் பெயரை மண்ணில் போட்டிருக்கிறார் மனிதர்.

அவருக்கென்று அளந்து வைத்த எட்டுப் போத்தலையும் அன்றே காய்ச்சி ஆறவைத்தேன். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கிவிட்டு வந்தார்கள். பூட்டிய கடைக்கு முன்னால் ஓட்டக்காரப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். எழும்பி ஓடிவிட்டு வாருங்கள் என்றேன். ஓடினார்கள். வந்தவர்களுக்கு என் கையால் ஊற்றிக் கொடுத்தேன்.

பிள்ளைகளே, தோற்ற பால் என்னுடையது. வென்ற பால் மீராசாவுடையது. இதை வாசிக்கிற அன்றைக்கே அந்தப் பலகையைக் கழற்றி, அவருடைய பெயரைப் பெரிதாக எழுதி மாட்டுங்கள். எனக்கு, அன்று ஹஸ்னாவுக்கு என் கையால் கொடுத்த அந்த மூன்று மிடறு போதும்.