ஆடி மாதத்தில் பாலைவனம்

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு தை மாதக் காலையில், ஆரணியை ஒட்டிய சேவூரில், எங்கள் வீட்டுத் தறியில்தான் இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது. என் வீட்டுக்காரரும் நானும் ஒரே தறியில் பட்டு நெய்கிறவர்கள். அவர் நடுவில் உட்கார்ந்து மிதிப்பார். நான் ஓரமாக உட்கார்ந்து பார்டருக்குக் குறுக்கு இழை ஓட்டும் நாடாவைத் தள்ளுவேன். டீ குடிக்க எழுந்த நேரத்தில் என் போனில் ஒரு வீடியோ வந்தது. குஜராத்தில் கட்ச் என்கிற இடத்தில் உப்புப் பாலைவனமாம். கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை. மரம் இல்லை, வீடு இல்லை, ஒரு காக்கா கூட இல்லை. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷமாக அரக்கும் மஞ்சளும் மயில்கழுத்துமாகப் பார்த்துப் பார்த்துப் புளித்துப்போன கண் இது. நிறமே இல்லாத ஓர் இடம் இந்த உலகத்தில் இருக்கிறது என்பதே எனக்குப் போதையாக இருந்தது. டீ ஆறிப்போனது.

தறியை விட்டுவிட்டுக் கிளம்புவது லேசுப்பட்ட காரியமில்லை. தறியில் நீளவாக்கில் கட்டிய நூலான பாவு ஒன்று தீரும்போதே அதன் நுனியில் அடுத்த பாவை இழை இழையாக முடிந்துவிடுவோம். தறி காலியாக நின்றதே கிடையாது. ஆடியில் மட்டும் கல்யாணம் இல்லாததால் வேலை மந்தமாக இருக்கும். அப்போது படவேடு போய் ரேணுகாம்பாளைக் கும்பிட்டுவிட்டு வருவோம். எங்கள் ஊர் சுற்றல் அத்தோடு சரி. அதனால் நான் யோசிக்கவே இல்லை, பாலைவனமும் ஆடியில்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். ஆரணிக்குத் தோதான மாதம் ஊர் உலகத்துக்கே தோதான மாதம் என்று நினைத்த புத்திசாலி நான்!

சூரத் ஜரிகைக்காரர்களோடு பேசிப் பேசி என் வீட்டுக்காரருக்கு அரைகுறை இந்தி வரும். அங்கே வட்டமான மண் குடிசைகளை வாடகைக்கு விடுகிற ஒருவரின் நம்பரைத் தேடிக் கொடுத்து, மாசி மாதத்தில் அவரைப் பேசச் சொன்னேன். வாசலில் நின்று வெகுநேரம் பேசினார். உள்ளே வந்து, "இடம் கீதாம், வரலாமாம்," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தறியில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்கப்புறம் நான் பாதி நேரம் சேவூரிலேயே இல்லை. நாடா தள்ளிக்கொண்டே சென்னையில் ரயில் ஏறுவேன், அகமதாபாத்தில் இறங்குவேன், புஜ் போய் பஸ் பிடிப்பேன். உப்பின் மேல் செருப்பில்லாமல் நடந்தால் குத்துமா, வெள்ளை மேல் நிலா வெளிச்சம் விழுந்தால் எப்படி இருக்கும், அங்கே கூப்பிட்டால் குரல் எதிரொலிக்குமா என்று விடாமல் பேசுவேன். அவர் ஊம் கொட்டுவார். பங்குனி, சித்திரை, வைகாசி எல்லாம் எப்படிப் போயிற்று என்றே தெரியவில்லை.

ஆனி பிறந்ததும் டிக்கெட் போடச் சொன்னேன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினார். எனக்குக் கோபம் சுள்ளென்று வரும். என் ஆசை என்றால் அவ்வளவு இளப்பமா என்று கத்தினேன். ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவர் குளிக்கப் போனபோது, நாமே பேசிவிடலாம் என்று அவர் போனில் அந்தக் குடிசைக்காரரின் நம்பரைத் தேடினேன்.

மாசி மாதத்திலேயே அந்த மனிதர் அனுப்பிய ஒரு வீடியோ அதில் இருந்தது. முந்தின வருஷ மழையில் எடுத்தது போல, முழங்கால் தண்ணீரில் நிற்கிறார். நாலா பக்கமும் சுற்றிக் காட்டுகிறார். கடல் மாதிரி தண்ணீர், அதில் மேகம் தெரிகிறது. 'ஜூலை', 'பானி', 'டிசம்பர்' என்ற மூன்று வார்த்தையும் எனக்கே புரிந்தது. ஆடியில் அங்கே பாலைவனமே இருக்காது. மழைத் தண்ணீர் வற்றி உப்பு பூத்து வெளுக்க மார்கழி ஆகிவிடும்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவரிடம் போனை நீட்டினேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மார்கழின்னா தை முகூர்த்தத்து வேல தலைக்கு மேல கெடக்கும். தறிய நிறுத்த முடியாது. நீ அவ்ளோ சந்தோஷமா பேசிகினு இருந்த. அத எப்டி நிறுத்தறது?"

நாலு மாதமாக இதை மனதில் வைத்துக்கொண்டுதான் ஊம் கொட்டியிருக்கிறார். அவரைப் போய்த் திட்டினோமே என்று கூனிக் குறுகிப் போனேன். பாலைவனமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நிஜமாகவே வேண்டாம் என்றுதான் இருந்தது.

மறுநாள் காலை அவர் எங்களுக்குப் பாவு கொடுக்கும் முதலாளி வீட்டுக்குப் போனார். கார்த்திகைக்கு மேல் ஒரு மாதம் தறி ஓடாது என்றாராம். சீசனில் தறியை நிறுத்தினால் பாவு வேறு வீட்டுக்குப் போய்விடும், அப்புறம் என்னிடம் வராதே என்றாராம் முதலாளி. இதையெல்லாம் ஏதோ பஸ் லேட்டு என்பது போல என்னிடம் சொன்னார். வேண்டாம், விட்டுவிடுங்கள் என்றேன். "போறோம், அவ்ளோதான்," என்று நாடாவை எடுத்து என் கையில் கொடுத்தார்.

மார்கழியில் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்தில் அந்தக் குடிசைக்காரர் ரெண்டு கம்பளியோடு நின்றிருந்தார். வெயில் தாழ்ந்ததும் வண்டியில் கூட்டிப்போய் உப்பின் விளிம்பில் இறக்கிவிட்டார். அந்த வெள்ளையைப் பற்றி என்ன எழுத? எங்கே தரை முடிகிறது, எங்கே வானம் ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. நாங்கள் நடக்கிறோமா, மிதக்கிறோமா என்றும் தெரியவில்லை. ஆசை தீர நடந்தேன், போட்டோ எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் குளிர் உறைத்தது, காலும் வலித்தது. குடிசைக்காரர் வண்டியிலிருந்து ஹாரன் அடித்தார். போகலாம் என்று திரும்பினால், என் வீட்டுக்காரர் தூரத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டேன். கண் கலங்கியிருந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமா?" என்றார்.

திரும்பி வந்த பிறகு மாசி வரை பாவு கிடைக்காமல் அலைந்த கதை தனி. அதெல்லாம் மறந்துகொண்டே வருகிறது. ஆனால் பத்தொன்பது வருஷத்தில் அவர் தனக்கென்று என்னிடம் கேட்டது அந்தக் கொஞ்ச நேரம் ஒன்றுதான். உங்களுக்கு என்ன ஆசை என்று நான் அதுவரை ஒருநாளும் கேட்டதில்லை என்பது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.