தோற்பதற்கு ஓர் ஆள்

என் வீட்டுக்காரருக்குத் தோற்பதுதான் தொழில். ஜப்பான் சண்டைக்கு முன்பு பினாங்கில் ஒரு கேளிக்கைப் பூங்காவில் சம்பளத்துக்கு மல்யுத்தம் செய்துகொண்டிருந்தார். யார் ஜெயிப்பது என்பது டிக்கெட் விற்கும் முன்பே பேசி முடிந்திருக்கும். வெளியூரிலிருந்து வரும் பயில்வான்களுக்கு ஜெயம், இவருக்குச் சம்பளம். ஆறடி ஆள், வெட்டிய மரம்போல மல்லாக்க விழுவார். கொட்டகையே அதிரும். நடுவர் எண்ணி முடித்து, ஜெயித்தவன் கையைத் தூக்கிக் காட்டும் வரைக்கும் மூச்சுக் காட்டாமல் கிடப்பார். அப்புறம் கிடந்தபடியே சுண்டுவிரலை மட்டும் மெல்லத் தூக்குவார். கூட்டம் சிரித்துக் கைதட்டும். ஜெயித்தவனைத் திரும்பிப் பார்க்க ஆளிருக்காது.

இந்தப் பெருமையெல்லாம் அவர் வாயால் கேட்டதுதான். நான் கட்டிக்கொண்டபோது அவர் போதகராகிவிட்டிருந்தார். ஒருநாள் நிஜமாகவே முதுகு பிசகி மிஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தவரை, பக்கத்துக் கட்டிலுக்கு ஜெபம் பண்ண வந்த வெள்ளைக்காரப் பாதிரி பிடித்துக்கொண்டார். வேதப் படிப்பு முடித்து அவர் வந்து சேர்ந்தது சுங்கை லாலாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். சபையில் பதினோரு குடும்பம். மற்றவர்களெல்லாம் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். ஆனால் பாவத்தில் விழுகிறவன் எப்படி விழுகிறான் என்று பிரசங்கத்தின் நடுவே இவர் விழுந்து காட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில்காரர்களும் வந்து சன்னலில் தொங்குவார்கள். சுண்டுவிரல் எழும்பினால் இரட்சிப்பு. எனக்கு மானம் போகும். சபையின் பலகைத் தரை வேறு ஆட்டம் கண்டுவிட்டது.

அவருக்கு இன்னொரு கைவேலையும் உண்டு. பயில்வான் கை, சுளுக்கு எடுக்கும். ரப்பர்ப் பால்வாளி தூக்கித் தோள் பிசகியவர்கள், மழையில் வழுக்கிக் கணுக்காலைத் திருகிக்கொண்டவர்கள், எல்லாரும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். நல்லெண்ணெய்ச் செலவு எங்களுடையது. இதை யாரும் ஒரு பெரிய விஷயமாக நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை, அதுதான் வினையாகப் போனது.

ஜப்பான்காரன் வந்ததும் துரை கார் ஏறிப் போய்விட்டார். தோட்டத்து ஆபீசைக் கணக்கெழுதும் கிராணி பார்த்துக்கொண்டார். படித்த மனிதர், கோயில் தலைவரும் அவரே. அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. சேலை போய்ச் சாக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து, தோட்டத்து இந்தியர்களுக்கு ஒரு தலைவர் வேண்டும், அவரை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சுங்கைப்பட்டாணியிலிருந்து ஜப்பானிய அதிகாரி சொல்லி அனுப்பினான். உங்களுக்கு யார் வேண்டும் என்று வெள்ளைக்காரன் ஒருநாளும் எங்களைக் கேட்டதில்லை. சாக்கைக் கட்டிக்கொண்டு நிற்கும்போது கேட்டார்கள்.

கிராணிதான் தலைவர் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஓர் ஆள் மட்டும் நின்றால் அது தேர்தல் ஆகாதாம். ஒரு மத்தியானம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"பாஸ்டர், நீங்க சும்மா எதிர்ல நிக்கணும், அவ்ளோதான் லா. தோக்கிறது ஒங்களுக்கு என்ன புதுசா?"

"எனக்கு இதெல்லாம் வேணாங்க."

கிராணி குரலை இறக்கினார். "சயாம்ல ரயில் ரோடு போட இருபது பேர் கேக்கிறான். யாரு போறதுன்னு தலைவர்தான் கை காட்டணும். கல்யாணமாவாத பயலுவதான் மொதல்ல போவணும். நான் தலைவரா வந்தா ஒங்க மச்சினன் போவ மாட்டான்."

மச்சினன் என்றால் என் தம்பி. எங்கள் அப்பா அம்மா போன பிறகு எங்களோடு இருந்து பால்மரம் சீவிக்கொண்டிருந்தான். சயாமுக்குப் போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வருவதில்லை என்று அதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

கிராணி போனதும் கேட்டேன். "என்னங்க, நீங்களே ஜெயிச்சா அவன விட்டுறலாமே?"

"ஜெயிச்சா இருபது வீட்டுப் புள்ளைங்கள நான் கை காட்டணும். சொந்த மச்சினன ஒளிச்சு வெச்சிக்கிட்டு யாரக் காட்டுவேன்? தோத்துட்டா அந்தப் பாவம் அவரோட போவும்."

ஆண்டவருடைய ஊழியக்காரர் பாவத்தை அடுத்தவர் தலையில் கட்டுகிறாரே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. நல்ல யோசனை என்றுதான் தோன்றியது. தம்பியிடம் நாங்கள் சொல்லவில்லை. அவன் வாயில் எதுவும் நிற்காது.

ஒப்புக்கொண்ட பிறகு மனிதர் மனசார உழைத்தார். கிராணி தொழிலாளர் வீட்டு வரிசைகளில் லயம் லயமாகப் போய், அரிசி வாங்கித் தருவேன், துணி வாங்கித் தருவேன் என்றார். என் வீட்டுக்காரர் அவர் பின்னாலேயே போய், "எனக்குக் கணக்குத் தெரியாது. ஜப்பான் பாஷ தெரியாது. அதிகாரி மொறச்சா கை காலு நடுங்கும். என்ன நம்பாதீங்க" என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே யாராவது கழுத்தைக் காட்டினால் சுளுக்கும் எடுத்துவிட்டு வந்தார். ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். இவ்வளவு உண்மை பேசும் ஒருவரை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில்தான் தேர்தல். ஓட்டுச் சீட்டெல்லாம் கிடையாது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நிற்பார்கள். யார் வேண்டுமோ அவர் பின்னால் போய் வரிசை கட்ட வேண்டும். அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். கோயில் முக்கியஸ்தர்கள் சிலர் கிராணி பின்னால் போய் நின்றார்கள். மற்றவர்கள் அசையவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்போது என் தம்பி விறுவிறுவென்று நடந்துபோய் என் வீட்டுக்காரர் பின்னால் நின்றான்.

"அந்தப் பக்கம் போ மாப்ள" என்று அவர் பல்லைக் கடித்தபடி சொன்னது எனக்கே கேட்டது.

"நீங்க சும்மா இருங்க மச்சான்."

அவன் பின்னால் ஒரு கணுக்கால் வந்தது, ஒரு தோள் வந்தது, இரண்டு கழுத்து வந்தது. கிராணி வீட்டுச் சமையல்காரர்கூட வந்தார். அவருக்குப் போன மாதம்தான் இடுப்புப் பிடித்திருந்தது. என் வீட்டுக்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. அவருக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று. கண்ணைச் செருகிக்கொண்டு, மல்லாக்க, களம் அதிர விழுந்தார். வியாதிக்காரன் என்று நினைத்து ஒதுக்கிவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. ஜனங்கள் கைதட்டினார்கள். கிராணி பக்கம் நின்றவர்களில் பாதிப்பேர் சிரித்துக்கொண்டே இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். சுண்டுவிரலுக்காக எல்லாரும் காத்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் தூக்கினார். அதிகாரிகூடச் சிரித்தான்.

இப்படியாக, வாழ்க்கையில் முதல் தடவையாக என் வீட்டுக்காரர் ஜெயித்தார்.

கை குலுக்கிய கையோடு அதிகாரி, திங்கட்கிழமை இருபது பேர் லாரியில் ஏற வேண்டும் என்றான். இவர் வீட்டுக்கு வரவில்லை. நேரே கிராணியிடம் போனார். இருவரும் பேசி முடித்து அதிகாரியிடமும் சொல்லிவிட்டார்கள். யார் தலைவரானால் என்ன, அவனுக்கு இருபது ஆள் வந்தால் சரி.

"நான் சயாமுக்குப் போறேன். தலைவர் பதவி கிராணிக்கு. தம்பி இங்கதான் இருப்பான்" என்று என்னிடம் சொன்னார். "சொன்ன மாதிரி தோத்துட்டேன்."

முகத்தில் ஒரு திருப்தி வேறு. அதைக் கண்டு எனக்கு வந்த ஆத்திரம் இன்றுவரை அடங்கவில்லை. "யாரக் கேட்டுத் தோத்தீங்க?" என்று கத்தினேன். போகிற பையன்களோடு ஒரு போதகர் இருப்பது நல்லதுதானே என்றார். முதுகு பிசகிய மனிதர், குனிந்து செருப்பு மாட்டவே என் தோளைப் பிடிப்பார்.

கிராணி வாக்குத் தவறவில்லை. மிச்சம் பத்தொன்பது பேரை அவர் கை காட்டினார். என் தம்பி அதில் இல்லை. ஏன் இல்லை என்று அவனிடம் நான் சொன்னதே இல்லை. அந்தப் பத்தொன்பது வீட்டுப் பெண்களைத் தண்ணீர்க் குழாயடியில் பார்க்கும்போது என்னால் தலை நிமிர முடிந்ததில்லை. தம்பி இருக்கிறான் என்று சந்தோஷப்பட்டேன். அதே மூச்சில் அவரைத் திட்டினேன். இரண்டும் உண்மைதான்.

சண்டை முடிந்து நாலு பேர் திரும்பினார்கள். அவர்களில் ஒருவர் ஒரு சாயங்காலம் எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தார்.

"வேல முடிஞ்சி கொட்டாய்க்கு வந்தா, விழுந்து காட்டுங்க பாஸ்டர்னு நாங்கதான் கேப்போம் அக்கா. காச்சல்ல கெடக்கிறவனும் சிரிப்பான். ஒரு நாளு மண்ணுக் கூடையோட எங்க முன்னாலயே விழுந்தாரு. நாங்க கை தட்டினோம். தட்டிக்கிட்டே இருந்தோம்."

விரலைப் பற்றி நான் கேட்கவில்லை.

என் தம்பி கதவோரம் நின்று அழுதுகொண்டிருந்தான். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, "மச்சான் ஒரு தடவையாச்சும் ஜெயிச்சாருல்ல அக்கா. மொதல்ல போயி நின்னவன் நான்தான்" என்றான்.

"ஆமாண்டா" என்றேன்.