வேர்க்குரு பவுடர்

துர்கா டீச்சர் கணக்கில் புலி. பொய்யில் அதைவிடப் பெரிய புலி. சேலையூர்ப் பள்ளியில் பதினெட்டு வருடமாகக் கணக்கு நடத்துகிறார். 2004-இல் புற்றுநோய்க்காக இடது மார்பை எடுத்தபோது, பள்ளியில் எல்லோரிடமும் ‘கர்ப்பப்பை ஆபரேஷன்’ என்று சொல்லிவைத்தார். கர்ப்பப்பை என்றால் விசாரித்துவிட்டுப் போய்விடுவார்கள். மார்பு என்றால் பார்வை அங்கேயே நிற்கும். அதை நினைத்தாலே அவருக்கு உடம்பு கூசியது.

டாக்டர் ஜெபராஜ் அப்போதே எச்சரித்தார்.

“சிலிக்கோன் பை வச்சுட்டு மேல கரண்ட், அதான் ரேடியேஷன், வச்சா இறுகிப் போகலாம்மா. உங்க வயித்துச் சதையிலேயே மார்பு செய்யலாம். ஆனா பெரிய ஆபரேஷன், ரெண்டு மூணு மாசம் லீவு போடணும்.”

அவ்வளவு நாள் லீவு போட்டால் யாராவது தோண்டித் துருவுவார்கள். டீச்சர் பையே போதும் என்றார்.

டாக்டர் சொன்னது அச்சுப் பிசகாமல் நடந்தது. கரண்ட் வைத்த ஒரு வருடத்தில் அந்தப் பக்கம் தேங்காய் ஓடு போல இறுகியது. தோல் மெலிந்து, 2006 மார்ச்சில் நீர் கசியத் தொடங்கியது. பேச்சைக் கேட்காமல் போனோமே என்று டாக்டர் முகத்தில் விழிக்க வெட்கம். கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார். படித்தவர் செய்கிற காரியமா இது?

பள்ளி ஆயா முனியம்மாவின் கண்ணுக்கு எதுவும் தப்பாது; வாயும் ஓயாது. ஒருநாள் ஆசிரியர் அறையில் யாரும் இல்லாதபோது கிட்டே வந்தாள்.

“இன்னா டீச்சர், ஜாக்கெட்டு ஈரமா கீது? புண்ணா?” என்றவள் குரலைத் தாழ்த்தினாள். “எனக்கும் இந்தப் பக்கம் ஒரு கட்டி கீது டீச்சர். வலி கிலி ஒண்ணுமில்ல. உங்களுக்கும் அப்பிடித்தான் வந்துச்சா?”

துர்காவுக்குக் குப்பென்று வியர்த்தது.

“சீச்சீ! இது வேர்க்குரு. உனக்கும் அதான் இருக்கும், போ. பவுடர் போடு.”

சொல்லும்போதே அது பொய் என்று அவருக்குத் தெரியும். வலிக்காத கட்டி என்றால் என்ன என்று அந்தப் பள்ளியிலேயே அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? இருந்தும் நோட்டுத் திருத்தப் போய்விட்டார்.

அடுத்த வாரம் துர்காவுக்குக் காய்ச்சல் அடித்தது. கணவர் மதியழகன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். பையை எடுத்துப் புண்ணை ஆறவிட்டார்கள். ஜூலையில் அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் ரத்தக் குழாயோடு எடுத்து மார்பில் வைத்துத் தைத்தார்கள். எட்டு மணி நேரம். கட்டுப் பிரித்த நாளில் துர்கா தொட்டுப் பார்த்தார். மெத்தென்று, வெதுவெதுப்பாக இருந்தது. மகள் ஸ்நேகாவைச் சுமந்தபோது வயிற்றில் விழுந்த கோடுகள் இரண்டு இப்போது மார்பில் ஓடின. வெகுநாள் கழித்து மனம்விட்டு அழுதார். பள்ளிக்கு மட்டும் ‘குடலிறக்க ஆபரேஷன்’ என்று கடிதம் போயிற்று.

செப்டம்பர் கடைசியில் வேலைக்குத் திரும்பினார். கேட்டிலேயே முனியம்மா பிடித்துக்கொண்டாள்.

“தொப்பையே காணோமே டீச்சர்!” என்று சிரித்தாள். பிறகு காதருகே வந்தாள். “நீங்க சொன்னாமாரி டெய்லி பவுடர் போட்டுகினுதான் கீறேன். நாலு டப்பா காலி. இன்னும் போகல டீச்சர். பெருசாத்தான் ஆவுது.”

துர்காவுக்கு நிற்கிற இடம் தெரியவில்லை. தன் மானத்தைக் காப்பாற்ற இந்தப் பெண்ணின் ஆறு மாதத்தை எடுத்துக்கொண்டோம் என்று உறைத்தது. அவளை லேப் அறைக்கு அழைத்துப் போய்த் தாழ் போட்டார். முந்தானையை விலக்கினார். டாக்டரைத் தவிர மதியழகன் மட்டுமே பார்த்த இடம் அது. கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

“வேர்க்குரு இல்ல முனியம்மா. கேன்சர். ரெண்டு வருஷமா.”

முனியம்மா தழும்பைப் பார்த்தாள்.

“அப்போ பவுடரு?”

துர்கா கொக்கிகளை மாட்டிக்கொண்டு அரைநாள் லீவு எழுத உட்கார்ந்தார்.

அன்று மதியமே இருவரும் ஆட்டோவில் டாக்டர் ஜெபராஜைப் பார்க்கப் போனார்கள். வழி நெடுக முனியம்மா வாயே திறக்கவில்லை.