செம்புக் குழாயும் ஒரு கப் காபியும்

மனுரேவாவில் எங்கள் வீட்டுக் கராஜிலேயே பீர் காய்ச்சலாம் என்று ஆசை காட்டியதே என் நண்பன் சேகர்தான். கொதித்த பார்லி மால்ட் தண்ணீரைச் சீக்கிரம் ஆறவைக்க, உள்ளே பச்சைத் தண்ணீர் ஓடும் செம்புச் சுருள் வேண்டுமாம். "மெல்லிசு வேண்டாம்டா, வளைச்சா நசுங்கிடும்" என்று கடையில் குழாயை அவனே பார்த்து எடுத்தான். அதைப் பானையைச் சுற்றி அவன் வளைத்துக்கொண்டிருந்தபோது, குடி என்றாலே ஆகாத என் மனைவி உள்ளே வந்தாள்.

"என்ன இது?"

சேகர் குழாயை என் கையில் திணித்தான். "நான் எவ்வளவோ சொன்னேன் சிஸ்டர், இவன் கேட்கலை."

அவள் அவனுக்கு மட்டும் காபி கொண்டுவந்தாள். "நீங்க சொல்லிக்கூட இவர் கேட்கலையாண்ணா?"

அவன் பொய் சொன்னதைக்கூட மன்னித்துவிட்டேன். என் எதிரிலேயே அந்தக் காபியை ரசித்து ரசித்துக் குடித்தானே, அதைத்தான் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.